சீட்டில் மூன்று தவ், பிளாக்கில் ஒன்றே முக்கால்: புல்லட் 350 ஒன்று இறுகியது ஏன்?

எடுத்துக்கொண்ட வண்டி, வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்) உள்ள பழைய புல்லட் 350. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சி.சி. சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் உருவான இன்ஜின். புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்று இன்ஜின் இறக்கப்பட்டு, பிளாக் லேத்துக்குப் போய் +0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போரிங் ஆகி (துளை அரை மி.மீ. பெரிதாகக் கடையப்பட்டு), புதுப் பிஸ்டன், ரிங் செட்டோடு மாட்டப்பட்டது. சுமார் 200 கி.மீ. ஓடியதும், வெயில் நேரத்தில் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகையில் இன்ஜின் முனகி, இழுவை குறைந்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அரைமணி நேரம் ஆறியபின் கிக்கர் மறுபடி இறங்கியது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருந்தது. பட்டறை மொழியில் சொன்னால் 'சீஸ்'.

லேத் கொடுத்த சீட்டில் மூன்று குறிப்புகள்: போர் 70.50. பிஸ்டன் +0.50. கேப் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி) 8, அதாவது 0.08 மி.மீ. பழைய கணக்கில் மூன்று தவ். (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 0.0254 மி.மீ. தச்சரும் வெல்டரும் சொல்லும் 'நூல்' அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஒரு நூலுக்குள் 125 தவ் அடங்கும். இங்கே பேச்சு முழுவதும் ஒன்றிரண்டு தவ்வுக்குள்தான்.)

சீட்டைப் பார்த்தால் கோளாறு தெரியாது. இந்த வார்ப்பிரும்பு பிளாக்குக்கு மூன்றிலிருந்து நான்கு தவ் வரை வைப்பதுதான் வழக்கம். மூன்று தவ் கொஞ்சம் இறுக்கம், ஆனால் 200 கி.மீ.யில் பிடிக்க வேண்டிய இறுக்கம் இல்லை. ஆகவே ஆயிலா, கார்புரேட்டரா, டைமிங்கா என்றுதான் முதலில் தேடத் தோன்றும்.

பிஸ்டன் என்ன சொன்னது

பிஸ்டனை வெளியே எடுத்ததும் உடனே துடைத்துவிடக்கூடாது. காயம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் சாட்சி.

இந்தப் பிஸ்டனில் உரசல் தடம் நான்கு இடங்களில் இருந்தது. பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) நுழையும் துளைகள் இரண்டு. ஒவ்வொரு துளைக்கும் இடமும் வலமும் ஒவ்வொரு பட்டை, ஸ்கர்ட்டின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் சுவர்) தோள்பகுதியில். முன்முகத்திலும் பின்முகத்திலும் நடுப்பகுதி ஏறக்குறைய சுத்தம். ரிங்குகள் காடிக்குள் தாராளமாக நகர்ந்தன. கிரவுனில் (பிஸ்டனின் மேல்தலை) உருகலோ ஓட்டையோ இல்லை.

மற்ற கோளாறுகளின் தடம் வேறு மாதிரி இருக்கும். ஆயில் வராமல் காய்ந்து பிடித்திருந்தால் ஸ்கர்ட் முகத்தின் பெரும்பகுதி மழமழவென்று இழுபட்டிருக்கும். கனெக்டிங் ராடின் பெரிய முனையும் நீலம் பாய்ந்திருக்கும். மிக்சர் லீன் ஆகியோ (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) டைமிங் தவறியோ சூடு ஏறியிருந்தால் சேதம் மேலிருந்து, கிரவுன் விளிம்பிலும் முதல் ரிங் பக்கத்திலும் தொடங்கும். ராட் வளைந்திருந்தால் தடம் மூலைவிட்டமாக விழும்: ஒரு பக்கம் பின் துளைக்கு மேலே, எதிர்ப்பக்கம் கீழே. நான்கு மூலையிலும் சமமாகப் பிடித்திருந்தால் சந்தேகம் இரண்டுதான்: குளிர்ந்த இன்ஜினை எடுத்தவுடன் முறுக்கிச் சூடேற்றியிருக்க வேண்டும், அல்லது இடைவெளி போதவில்லை. இந்த வண்டி நிதானமாக ஓடி, முழுச் சூட்டில் நெடுநேரம் இருந்தபின்தான் பிடித்தது. எனவே முதலாவது அடிபடுகிறது.

நான்கு மூலை ஏன்? பின் துளையைச் சுற்றி அலுமினியம் தடித்திருக்கிறது. சூடு ஏறும்போது அந்தத் தடிப்பு அதிகமாக விரிந்து தள்ளும். ஸ்கர்ட்டின் நடுமுகம் மெல்லியது, நெளிந்து கொடுக்கும். தடிப்பும் மெல்லிசும் சேரும் தோள்பட்டையால் நெளிய முடியாது. அதனால் அதுதான் முதலில் சுவரைத் தொடும்.

ஆனாலும் தடம் சந்தேகத்தைத்தான் தரும். இனி அளக்க வேண்டும்.

இறந்த பிளாக்கை அளப்பது

பிளாக் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருந்தது. அதன்மேல் அளந்தால் போர் சிறியதாகக் காட்டும். எமரி போட்டுத் தேய்த்தால் இரும்பும் சேர்ந்து போகும், சாட்சியும் போகும். காஸ்டிக் சோடாவை நீர்க்கக் கரைத்து, துணியில் நனைத்து, அப்பிய இடத்தில் மட்டும் ஒற்ற வேண்டும். அலுமினியம் நுரைத்துக் கரையும், வார்ப்பிரும்பு அப்படியே நிற்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நுரையோடு வெளிவருவது ஹைட்ரஜன், ஆகவே காற்றோட்டமான இடம், பீடி சிகரெட் கூடாது. பின்பு தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் தடவி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே மணி நேரத்தில் துரு பூக்கும்.

பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர், போர் கேஜ் (துளையின் உள்விட்டம் பார்க்கும் டயல் கருவி) நான்கும் ஒரே மேசையில் ஓர் இரவு கிடந்தன. காலையில் அறை வெப்பம் 30 டிகிரி. இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பது கீழே வரும்.

பின்னின் நீளவாக்கில் அளப்பதை 'நெடுக்கு' என்றும், பின்னுக்குச் செங்குத்தாக, அதாவது வண்டியின் முன்-பின் திசையில் அளப்பதை 'குறுக்கு' என்றும் வைத்துக்கொள்வோம். பிஸ்டன் சுவரை மிதிப்பது குறுக்கில்தான். தேய்மானமும் அங்கேதான் விழும். உயரத்தில் மூன்று இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை, ஆக ஆறு அளவு. கீறல் விழுந்த கோட்டைத் தவிர்த்து எடுத்தவை இவை:

மேல் விளிம்பிலிருந்து 20 மி.மீ. கீழே: குறுக்கு 70.494, நெடுக்கு 70.487
நடு: குறுக்கு 70.490, நெடுக்கு 70.486
கீழ் விளிம்பிலிருந்து 20 மி.மீ. மேலே: குறுக்கு 70.486, நெடுக்கு 70.484

சீட்டில் 70.50 என்றிருந்த போர், பிஸ்டனின் கைபடாத கீழ்ப்பகுதியில் 70.485. ஓடி ஓடிப் போர் பெரிதாகலாம், சிறிதாக வழியே இல்லை. ஆகவே சீட்டு எழுதிய அன்றே 0.015 மி.மீ. தவறாகிவிட்டது.

இனி பிஸ்டன். பிஸ்டன் உருளை மாதிரி தெரியும், உருளை இல்லை. நெடுக்கில் சிறுத்தும் குறுக்கில் பருத்தும் நீள்வட்டமாகக் கடைந்திருப்பார்கள். பின் துளைத் தடிப்பு விரிய இடம் வேண்டுமல்லவா? மேலே சூடு அதிகம் என்பதால் மேலே போகப்போகச் சிறுத்தும் இருக்கும். இந்தப் பிஸ்டனில் காயம்படாத இடங்களில் கிடைத்தது:

ஸ்கர்ட் அடியிலிருந்து 10 மி.மீ. மேலே, குறுக்கு: 70.440
அங்கிருந்து இன்னும் 30 மி.மீ. மேலே, குறுக்கு: 70.390
அடியிலிருந்து 10 மி.மீ. மேலே, நெடுக்கு: 70.220

ஒரே பிஸ்டனில் மூன்று அளவு. எது பிஸ்டனின் அளவு என்றால், மிகப் பெரியதுதான். 70.485-இலிருந்து 70.440-ஐக் கழித்தால் 0.045. ஒன்றே முக்கால் தவ். இதுவும் அதிகபட்சக் கணக்கு: ஒருமுறை இறுகிய பிஸ்டனின் ஸ்கர்ட் நிரந்தரமாகக் கொஞ்சம் உள்ளொடுங்கிவிடும். மாட்டிய அன்று அது 70.440-க்குக் குறையாமல் இருந்திருக்கும், கூடுதலாகவும் இருந்திருக்கலாம்.

மூன்று சின்னத் தவறு, மூன்றும் ஒரே பக்கம்

முதல் தவறு: பிஸ்டன் கையில் இல்லாமலே போரிங் அடித்தது. '+0.50 என்றால் 70.50' என்பது பெயரளவு. கிரவுனில் பொறித்த எண் பிஸ்டனின் உண்மையான விட்டம் அல்ல. எத்தனை இடைவெளியைக் கழித்துக் கடைந்திருக்கிறார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 0.08 இடைவெளிக்கு இந்தப் பிஸ்டன் 70.420 இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 70.440. அதிலேயே 0.02 போயிற்று.

இரண்டாவது, மேலே கண்ட 0.015. இதற்கு இரண்டு விளக்கம் சாத்தியம். ஹோனிங் (போரிங்குக்குப் பின் கல்லால் சுவரைத் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவது) முடிந்த சூட்டோடு அளந்திருக்கலாம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மில்லிமீட்டருக்கு 0.0000105 மி.மீ. விரியும். பிளாக் 50 டிகிரியில் இருக்கும்போது 70.50 காட்டினால், 30 டிகிரிக்கு ஆறியதும் 70.5 × 0.0000105 × 20, அதாவது 0.015 குறைந்து 70.485 ஆகிவிடும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் போர் கேஜுக்கு ஸீரோ வைத்த மைக்ரோமீட்டரே ஒன்றரை கோடு தப்பியிருந்தாலும் இதே விளைவுதான். எது நடந்தது என்று இப்போது பிரித்தறிய முடியாது. சீட்டில் வெப்பமும் இல்லை, கருவியின் பெயரும் இல்லை.

மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் முதல் இரண்டையும் பிடித்திருக்க வேண்டிய சோதனை அது. 'கேப் 8' என்பது கழித்து வந்த எண் இல்லை. பில்லர் கேஜ் (தடிமன் தெரிந்த மெல்லிய தகடு) விட்டுப் பார்த்த எண். பிஸ்டனைக் கிரவுன் மேலாக வைத்துப் போருக்குள் இறக்கி, மேலிருந்து 0.08 தகட்டைச் செருகினால், தகட்டின் நுனி ரிங் காடிகளைத் தாண்டி ஸ்கர்ட்டின் மேற்பகுதியில் நின்றுவிடும். அங்கே பிஸ்டன் 70.390. இடைவெளி 0.095. 0.08 தகடு வழுக்கிக்கொண்டு போகும். கை 'சரி' என்று சொல்லும். பிடிக்கப்போகும் இடம் அதற்கும் 30 மி.மீ. கீழே, தகடு எட்டாத இடத்தில்.

பில்லர் கேஜே வேண்டாம் என்பதில்லை. அளவுக் கருவி இல்லாத ஊரில் அதுதான் கதி. அப்போது பிஸ்டனைத் தலைகீழாக, ரிங் இல்லாமல், ஸ்கர்ட் அடி மேலே தெரியும்படி இறக்கி, குறுக்குத் திசையில், நீளமான குறுகிய தகட்டைக் கூடவே விட்டு, பிஸ்டனை எதிர்ச்சுவரில் ஒட்டவைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அரை அங்குல அகலத் தகடு வளைந்த சுவரோடு படியத் தானும் வளைந்தாக வேண்டும். 35 மி.மீ. ஆரத்தில் அந்த அகலத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் குழிவு விழும். தடித்த தகடு அப்படி வளைய மறுத்து, இல்லாத இறுக்கத்தைக் காட்டும். கால் அங்குலத் தகடு தேவலை. எப்படியானாலும் இது சரிபார்ப்பு, அளவு அல்ல.

சரி, 0.045 இருந்தால் ஏன் பிடிக்க வேண்டும்? சிலிக்கான் கலந்த பிஸ்டன் அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00002 விரியும், வார்ப்பிரும்பின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பிளாக்கும் ஸ்கர்ட்டும் 30-லிருந்து 140 டிகிரிக்கு ஏறினால் போர் 0.081 பெரிதாகும், பிஸ்டன் 0.155 பெருக்கும். வித்தியாசம் 0.074. குளிரில் 0.09 இருந்தால் 0.016 மிஞ்சும். 0.045 இருந்தால் 0.029 கடன். ஸ்கர்ட் நெளிந்து கொஞ்சம் தாங்கும். அதனால்தான் முதல் 200 கி.மீ. ஓடியது. தோள்பட்டை நெளியாது, அதனால்தான் அங்கே பிடித்தது. காற்றில் ஆறும் இன்ஜினில் பிஸ்டன் மட்டும் தனியாக 10 டிகிரி கூடுதலாக ஏறினால் இன்னொரு 0.014 போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெயிலும் நெடுஞ்சாலையும் எதற்குச் சாட்சி என்பது விளங்கும்.

இதே 0.045-ஐ அலுமினியச் சிலிண்டர் உள்ள இன்ஜினில் வைத்தால் பல சமயம் தாராளம் என்பார்கள். அங்கே சிலிண்டரும் பிஸ்டனோடு ஏறக்குறையச் சேர்ந்தே விரிகிறது. ஒரு இன்ஜினின் எண்ணை இன்னொரு இன்ஜினுக்குக் கொண்டுபோவதில் உள்ள ஆபத்து இதுதான். 'இறுக்கமாப் போடுங்க, ஓடி ஓடி லூஸ் ஆயிடும்' என்ற யோசனைக்கும் இங்கே இடமில்லை. ரன்னிங்-இன் (புதிதாகக் கட்டிய இன்ஜினை முதலில் நிதானமாக ஓட்டுவது) என்பது ரிங் சுவரில் படிவதற்கு. பிஸ்டனைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதற்கு அல்ல.

மறுபடி கட்டியது

கீறலில் ஆழமானது 0.11 மி.மீ. +0.75 பிஸ்டன் கிடைத்தாலும் ஒரு சுவருக்கு 0.13 மி.மீ.தான் கடையலாம். போரிங் மையம் நூலிழை விலகினாலும் ஒரு கீறல் மிஞ்சும். எனவே +1.00. விட்டம் 71 ஆகும்போது கொள்ளளவு 346-லிருந்து 356 சி.சி. ஆகிறது, அது ஒரு உபரித் தகவல், ஓட்டத்தில் தெரியாது.

இந்த முறை பிஸ்டன்தான் முதலில் லேத்துக்குப் போனது.

கருவிகள் இரண்டே: 50–75 மி.மீ. வெளி மைக்ரோமீட்டர், டயல் போர் கேஜ். வெர்னியர் இந்த வேலைக்கு ஆகாது. அதன் ஒரு கோடு 0.02 மி.மீ.; 0.09-ஐத் தேடும் இடத்தில் நாலில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்துவிடும். போதாக்குறைக்கு அதன் உள்தாடைகள் தட்டையானவை. வளைந்த சுவரில் முழு விட்டத்தைத் தொடாமல் குறைத்துக் காட்டும்.

மைக்ரோமீட்டரை முதலில் அதோடு வரும் 50 மி.மீ. கட்டையில் சரிபார்க்க வேண்டும். முகங்கள் இரண்டையும் சுத்தமான காகிதம் கவ்வவைத்து இழுத்துத் துடைக்க வேண்டும். ராட்செட்டைத் திருப்புவது எல்லா அளவிலும் ஒரே மாதிரி, மூன்று 'டிக்'. பிஸ்டனைக் கையில் பிடித்துக்கொண்டே அளக்கக்கூடாது. உள்ளங்கைச் சூட்டில் 10 டிகிரி ஏறினால் 0.014 பெருத்துவிடும், அரைத் தவ்வுக்கும் மேல். மேசையில் வைத்து, ஸ்கர்ட் அடியிலிருந்து 5 மி.மீ. தொடங்கி இரண்டிரண்டு மி.மீ.யாக ஏறி, ஒவ்வொரு இடத்திலும் குறுக்கில் அளந்து, மிகப் பெரியது எங்கே வருகிறதென்று தேட வேண்டும். தயாரிப்பாளர் தாளில் உயரம் சொல்லியிருந்தால் அதுவே வேதம். தாள் இல்லாவிட்டால் தேடல்தான். சில பிஸ்டன் அடியில் மறுபடி சிறுக்கும், பீப்பாய் மாதிரி. இந்தப் புதுப் பிஸ்டனில் 12 மி.மீ. உயரத்தில் 70.918 கிடைத்தது, அதற்கு மேலும் கீழும் குறைந்தது. ஸ்கர்ட்டில் கறுப்புப் பூச்சு உள்ள பிஸ்டன் என்றால், பூச்சோடு அளப்பதா, பூச்சில்லாத இடத்தில் அளப்பதா என்று தாளைப் பார்க்காமல் போரிங் அடிக்கவே கூடாது.

இலக்கு இடைவெளி 0.09, மூன்றரை தவ். ஆகவே போர் 71.008. இந்த எண் பிஸ்டனிலிருந்து வந்தது, '+1.00' என்ற பெயரிலிருந்து வரவில்லை. பெயரை நம்பி 71.00-இல் நிறுத்தியிருந்தால் 0.082 ஆகியிருக்கும், உடனே பிடிக்காது, ஆனால் அதில் பாதி தற்செயல்.

போர் கேஜ் தானாக எதையும் அளக்காது, ஒப்பிடும், அவ்வளவுதான். எதோடு ஒப்பிடுகிறோமோ அதன் தவறு அப்படியே இறங்கும். இங்கேதான் ஒரு எளிய உத்தி: பிஸ்டனை அளந்த அதே மைக்ரோமீட்டரிலேயே போர் கேஜுக்கு ஸீரோ வைப்பது. மைக்ரோமீட்டர் 0.01 கூட்டிக் காட்டினாலும் பிஸ்டனிலும் கூடும், போரிலும் கூடும். கழிக்கும்போது அடிபட்டுப் போகும். பிஸ்டனைப் பட்டறைக்காரர் ஒரு மைக்ரோமீட்டரிலும், போரை லேத்காரர் இன்னொன்றிலும் அளந்தால் இரண்டு கருவியின் தவறும் இடைவெளியில் வந்து விழும். இரண்டுமே விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

மைக்ரோமீட்டரை 71.000-இல் பூட்டி, வைஸில் துணி வைத்து லேசாகப் பிடித்து, கேஜை முகங்களுக்கு இடையே விட்டு முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முள் ஓர் இடம் வரை போய்த் திரும்பும். திரும்பும் அந்தப் புள்ளியில் டயலைச் சுழற்றி ஸீரோ. போருக்குள்ளும் அதேபோல் மேலும் கீழும் ஆட்டி, முள் திரும்பும் இடத்தைத்தான் படிக்க வேண்டும். ஆட்டாமல் படித்தால் சாய்ந்த நீளம் வரும், விட்டம் வராது. முள் ஸீரோவைத் தாண்டி வலஞ்சுழியாகப் போனால் போர் சிறியது, இடஞ்சுழியாக நின்றால் பெரியது. அவசரத்தில் இதைத் திருப்பிப் படித்து, 0.01 குறைவாக இருந்த போரை 0.01 கூடுதல் என்று விட்டுவிடுவதுண்டு. பிழை இரட்டிப்பாகும். அளந்து முடித்ததும் கேஜை மறுபடி மைக்ரோமீட்டரில் விட்டு ஸீரோ அசையவில்லையே என்று பார்த்தால்தான் அன்றைய எண்கள் செல்லும்.

போரிங் 70.95 வரை. மீதி 0.058 ஹோனிங்குக்கு. ஒரேயடியாகப் போரிங்கிலேயே அளவுக்குப் போனால் டூல் தடத்தின் மேடுகள் மிஞ்சி, ஓட்டத்தில் மழுங்கி, இடைவெளி கூடிப்போகும். ஹோனிங்குக்கு 220 கல், தாராளமாக எண்ணெய், மேலும் கீழும் சீரான வேகம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் கோணம் 45 முதல் 60 டிகிரி. கல் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சமமாகத் தாண்ட வேண்டும்; நடுவில் நின்றால் பீப்பாயாகக் குடையும், விளிம்பில் அதிகம் தாண்டினால் வாய் அகலும்.

71.00-ஐ நெருங்கியதும் வேலை நிறுத்தப்பட்டது. பிளாக் கையால் தொட்டால் வெதுவெதுப்பு. அதே மேசையில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளந்தபோது 70.994. சூட்டில் 71.00 காட்டியதற்கும் இதற்கும் உள்ள 0.006-ஐக் கணக்குப் போட்டால், பிளாக் வெறும் எட்டு டிகிரி சூடாக இருந்திருக்கிறது. கைக்கு வெதுவெதுப்பு என்பது அவ்வளவுதான். இன்னும் 0.014 எடுக்க மூன்று தவணை, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஆறவிட்டு அளவு. லேத்காரருக்கு இது அரைநாள் தின்னும் வேலை. அந்த அரைநாளுக்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுப்பதுதான் நியாயம்.

30 டிகிரியில் கடைசி அளவுகள்:

மேல்: குறுக்கு 71.010, நெடுக்கு 71.008
நடு: குறுக்கு 71.009, நெடுக்கு 71.007
கீழ்: குறுக்கு 71.006, நெடுக்கு 71.006

மேல்-கீழ் சரிவு 0.004, வட்டக் கோணல் 0.002. இரண்டும் 0.01-க்குள் இருந்தால் போதும். இடைவெளி குறுக்கில் 0.088-லிருந்து 0.092. அளவு எடுத்தது 20 டிகிரியில் அல்ல, 30-இல். இரண்டு உலோகமும் 20-க்கு ஆறினால் இடைவெளி ஏழு மைக்ரான் போலக் கூடும். மே மாதப் பட்டறையில் 38 டிகிரியில் அளந்தால் 20-இல் இருப்பதைவிட 0.012 குறைவாகக் காட்டும். தாளில் உள்ள எண் 20 டிகிரிக்கானது என்பது நினைவிருந்தால், எல்லைக்கு அருகில் நிற்கும் அளவுகளில் தீர்மானம் எளிது.

பிளாக்கைத் தனியே மேசையில் வைத்து அளப்பதும் ஹெட் நட்டுகளை இறுக்கியபின் அளப்பதும் ஒன்றல்ல. ஹெட்டைக் கேஸ்கெட்டோடு மாட்டி, சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, கீழ்ப்பக்கமாகப் போர் கேஜை விட்டு மேல்பகுதியை ஒருமுறை பார்த்துவிடலாம். ஒன்றிரண்டு மைக்ரான் அசைந்தால் பொருட்டில்லை. ஒரு நட்டின் பக்கம் மட்டும் 0.02, 0.03 மி.மீ. உள்ளே வந்தால் கேஸ்கெட் முகமோ ஹெட்டோ கோணல்.

கழுவுவதில் பலர் மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹோனிங் கல்லின் தூள் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெயை எடுக்கும், தூளை விட்டுவிடும். வெந்நீர், துணி சோப்பு, நைலான் பிரஷ். பிறகு ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி வெந்நீர். அந்தத் தூளோடு மாட்டினால், இத்தனை பாடுபட்டு வைத்த 0.09 சில நூறு கிலோமீட்டரில் தானே 0.12 ஆகும்.

ரிங் கேப்பும் ஒரு போர் கேஜ்தான்

ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் கிரவுனால் 25 மி.மீ. தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியைப் பில்லர் கேஜால் பார்க்க வேண்டும். காற்றில் ஆறும் இன்ஜினுக்குப் பொது விதி, போர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு: 71-க்கு 0.28. இங்கே மேல் ரிங் 0.22 இருந்தது, நுண்அரத்தால் 0.30-க்குத் திறக்கப்பட்டது. அரத்தை வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஓரம் பெயரும். இரண்டாவது 0.32, அப்படியே விடப்பட்டது. கேப் கொஞ்சம் கூடினால் அழுத்தம் துளி கசியும். குறைந்து இரண்டு முனையும் சூட்டில் முட்டினால் ரிங் சுவரைக் கிழிக்கும். தவறுவதென்றால் கூடுதல் பக்கமே தவறலாம்.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ஒரே ரிங்கை மேலேயும் கீழேயும் வைத்து வாயை அளந்து, வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் போரின் சரிவு கிடைக்கும். மேலே 0.60, கீழே 0.35 என்றால் 0.25 ÷ 3.14, ஏறக்குறைய 0.08 மி.மீ. சரிவு. விட்டத்தின் மாற்றம் ரிங் வாயில் மூன்று மடங்காகப் பெருகித் தெரிவதால், சாதாரணத் தகடே நுண்கருவி போல வேலை செய்கிறது. முழு விட்டம் எவ்வளவு என்பதை இது சொல்லாது; 'ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, பிளாக்கை லேத்துக்கு அனுப்பவா' என்ற கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லும். தேய்ந்த பிளாக்கில் புது ரிங் மட்டும் போடுவதாக இருந்தால் கேப்பைக் கீழே, போர் குறுகலான இடத்தில் வைத்துத்தான் அரத்தால் திறக்க வேண்டும். மேலே சரியாக இருந்த வாய், ரிங் கீழே இறங்கும்போது முட்டும்.

மாட்டும்போது பார்த்த மற்றவை விரைவில் முடிந்தன. காடியில் ரிங்கின் பக்க இடைவெளி 0.05. பிஸ்டன் பின் ஆயில் தடவிக் கட்டைவிரலால் தள்ளப் போயிற்று. போரின் கீழ்வாயில், போரிங்கில் போய்விட்ட சாய்வு விளிம்பு மறுபடி எடுக்கப்பட்டது. அது இல்லாமல் பிளாக்கை இறக்கினால் ஆயில் ரிங்தான் முதலில் உடையும்.

முன்பு பிடித்த அதே சாலையில், அதே வெயிலில், 500 கி.மீ. முடிந்தபின் ஆயில் மாற்றும்போது ஸ்பார்க் பிளக் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்ததில் ஹோனிங் கோடுகள் சுற்றிலும் அப்படியே இருந்தன. நெட்டுக்கோடு ஒன்றும் இல்லை. பழைய ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு இல்லை.

புதுச் சீட்டில் எழுதியது இவ்வளவு: பிஸ்டன் குறுக்கு 70.918, அடியிலிருந்து 12 மி.மீ. போர் ஆறு அளவுகள். இடைவெளி 0.088–0.092. ரிங் 0.30, 0.32. வெப்பம் 30 டிகிரி, இரண்டு மணி நேரம் ஆறியது. பிஸ்டனும் போர் கேஜும் ஒரே மைக்ரோமீட்டர். சீட்டு வண்டியின் ஆர்.சி. உறைக்குள் போனது, அடுத்து இன்ஜினை இறக்குபவர் 71.006 என்ற கீழ் அளவிலிருந்து தேய்மானத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.